லேயாள் போட்ட பிடியரிசி

இலங்கையில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் லேயாள். விதவை. உலை வைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று வைத்த கலயத்தில் போடுவாள். ஞாயிறன்று அது சபைக்குப் போகும். பதினெட்டு ஆண்டுகள் இப்படித்தான்.

தோட்டத்துச் சபையை நடத்த 1912இல் வந்த புதிய உபதேசியாருக்கு அது போதவில்லை.

"பிடியரிசி வெறும் காணிக்கை. தசமபாகம் வேற. சம்பளத்துல பத்துல ஒண்ணு காசா வரணும்."

"எந்தச் சம்பளத்துலங்கய்யா? ஆபிசுல எழுதுறதுலயா, கைக்கு வர்றதுலயா?"

"எழுதுறதுல."

"அரிசிக்கும் கம்பளிக்கும் புடிச்சிக்கிட்டுத்தானே தர்றாங்க. கண்ணால பாக்காத காசுல எப்படிங்க பங்கு எடுக்கிறது?"

"கர்த்தர்கிட்ட கணக்குப் பேசாத."

"கணக்குப் பேசுறது நீங்கதானுங்களே!"

பழைய ஏற்பாட்டில் தசமபாகம் கொடுத்தவர்களுக்கு வயலும் மந்தையும் இருந்தன. லேயாளுக்குக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, அதுவும் தோட்டத்துடையது. வேதம் படித்த மனிதருக்கு இதுகூடத் தெரியாதா என்று சலித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

ஆனால் உபதேசியார் கையில் ஒன்று இருந்தது. லேயாளின் மகள் புஷ்பத்துக்குக் கல்யாணம். மூன்று ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்டால்தான் பாதிரியார் தாலி கட்ட விடுவார். அவர் பதுளையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், அடுத்து வருவது இந்த மாதக் கடைசியில். மாப்பிள்ளை தாவீதையோ அடுத்த மாதமே ஆள் கட்டும் கங்காணி ஹல்துமுல்லைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறான்.

"தசமபாகம் வராத வீட்டு ஓலைய வாசிக்க மாட்டேன்" என்றார் உபதேசியார்.

அந்த ஞாயிறு காணிக்கை நேரத்தில் லேயாள் கலயத்தோடு எழுந்தாள். "எம்மக புஷ்பத்துக்கும் தாவீதுக்கும் கல்யாணம். யாருக்காச்சும் தடை இருந்தா இப்பவே சொல்லுங்க." கலயத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மறு ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும்.

பாதிரியார் வந்து, "ஓலை வாசிச்சாச்சா?" என்றார்.

"மூணு தரம் கேட்டோங்க" என்றது சபை. உபதேசியார் வாய் திறக்கவில்லை. திறந்தால் தான் வாசிக்காத காரணமும் சொல்ல வேண்டும். பாதிரியாரும் துருவவில்லை, நீதியுணர்ச்சியால் அல்ல, மழைக்கு முன் மலையிறங்கும் அவசரம். கல்யாணம் முடிந்தது.

பாதிரியார் புறப்படும்போது லேயாள் கேட்டாள்: "தசமபாகம் கட்டாயங்களாய்யா?"

"கட்டாயமில்லம்மா. மனசார எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

இதைச் சபை நடுவில் ஒருமுறை சொல்லியிருக்கலாம். குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

மறுநாள் உலை வைக்கும்போது லேயாள் வழக்கம்போல ஒரு பிடி எடுத்தாள்.

"இன்னுமாம்மா அவங்களுக்குப் போடுற?" என்றாள் புஷ்பம்.

"இத அவரு கேக்கலல்ல" என்று கலயத்தில் போட்டாள்.