பதினஞ்சுன்னு சொன்ன வாய்

எனக்குக் கணக்கு வரும்னு ஒரு திமிரு உண்டு. தாராவியில எங்க சந்துல பதினொண்ணாம் கிளாஸ் படிச்ச பொம்பளை நான் ஒருத்திதான். அந்தத் திமிருதான் என்னைக் கடையில உக்கார வச்சது, தலைகுனியவும் வச்சது.

எண்பதுகள்ல எங்க வீட்டுக்காரருக்கு மில் வேலை போனதும், வீட்டு முன்பக்கத்தையே கடையாக்கினோம். துணி சோப்புதான் அதிகமா ஓடும். ஆனா மெயின் ரோட்டுப் பெரிய கடைக்காரன் கட்டிக்குப் பத்துக் காசு குறைச்சு விப்பான். அவன் மாட்டுங்காவுல டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட நேரா எடுக்குற ஆளு. பத்துப் பெட்டி ஒரே பில்லுல எடுத்தா பத்து பர்சென்ட் தள்ளுபடி, கையோட கேஷ் கொடுத்தா இன்னும் அஞ்சு. நாங்க ரெண்டு பெட்டி எடுக்குறவங்க, எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. இப்படியே போனா ஆறு மாசத்துல கடையைச் சாத்தணும். சாத்த விடமாட்டேன்னு முடிவு பண்ணினேன்.

எங்க தெருவுல எங்களை மாதிரியே இன்னும் நாலு சின்னக் கடை. ஆளுக்கு ரெண்டு பெட்டி சேர்த்தா பத்து ஆச்சு, ஒரே பில்லு. நாலு பேர்கிட்டயும் நானே போய்ப் பேசினேன். "பத்தும் அஞ்சும் பதினஞ்சு. நானூறு ரூபா பெட்டி முன்னூத்தி நாப்பதுக்கு வரும். நான் எடுத்துத் தாரேன்."

மூணு பேர் தலையாட்டினாங்க. நாலாவது ஒரு பாய், கடையநல்லூர்க்காரர். என் வயசுதான் இருக்கும், வாய் மட்டும் ரெண்டு ஆளுக்கு இருக்கும். "பொம்பளைக் கணக்கை நம்பி ரூவா கொடுக்கச் சொல்லுதிய. குறைஞ்சா உங்க கடை வாசல்ல வந்து உக்காந்துருவேன், பாத்துக்கிடுங்க" ன்னார்.

"வந்து உக்காருங்க, காப்பி போட்டுத் தாரேன்" னேன்.

ஆளுக்கு அறுநூத்தி எண்பது, அதோட பெட்டி கொண்டு வர்ற ஹாத்காடிக்கு, அதான் கைவண்டிக்கு, கூலி அஞ்சு ரூபா. எங்க பங்கையும் சேர்த்து முடிஞ்சுகிட்டு, நானும் வீட்டுக்காரரும் மாட்டுங்காவுக்கு நடந்தே போனோம். வீட்டு டப்பாவுல சில்லறைகூட மிச்சம் வைக்கல.

டிஸ்ட்ரிபியூட்டரோட கணக்கர் பில்லை நீட்டினார். மூவாயிரத்து நானூத்தி இருபது. என்கிட்ட சோப்புக்கு இருந்தது மூவாயிரத்து நானூறு. எனக்கு வந்துச்சே கோபம். இருபது ரூபா எதுக்குக் கூடுச்சுன்னு இந்தியில கத்தினேன். அந்த மனுஷன் தலை நிமிராம ஒரு துண்டுத் தாளை எடுத்து எழுதினார். நாலாயிரத்துல பத்து பர்சென்ட் போனா மூவாயிரத்து அறுநூறு. கேஷுக்கு உள்ள அஞ்சு பர்சென்ட் நாலாயிரத்துக்கு இல்ல, இந்த மூவாயிரத்து அறுநூறுக்குத்தான். அது நூத்தியெண்பது. ஆக மொத்தம் பதினஞ்சு இல்ல, பதினாலரை.

அவர் போட்டதுதான் சரி. பத்தையும் அஞ்சையும் பச்சப்புள்ள மாதிரி கூட்டிட்டு நாலு கடை ஏறிப் பேசிட்டு வந்திருக்கேன். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

முழுக் கேஷ் இல்லைன்னா அந்த அஞ்சும் கிடையாது. வண்டிக் கூலியில இருபதை எடுத்து வச்சேன். மிச்சம் அஞ்சு ரூபாவுக்கு எந்த ஹாத்காடி வரும்? பெட்டிகளை அங்கேயே ஓரமா வச்சுட்டு, ஒவ்வொண்ணா தலையில தூக்கினோம். ஆளுக்கு அஞ்சு நடை, ரயில் பாலம் ஏறி இறங்கி.

பாய் தன் கடை வாசல்ல நின்னு பார்த்தார். "ஹாத்காடி கிடைக்கலையா?"

"கிடைக்கல" ன்னு சொல்லிட்டு நிக்காம போயிட்டேன்.

அடுத்த தடவை பாயே வந்தார். "என் கைவண்டி செவ்வாய்க்கிழமை சும்மாத்தான் கிடக்கு, எடுத்துக்கிடுங்க. எங்ககிட்ட வாங்குற கூலியை உங்க அலைச்சலுக்கு வச்சுக்கிடுங்க." அப்பாடான்னு இருந்துச்சு. அந்த இருபத்தஞ்சுல இருபதைப் பில்லுல வச்சு, பதினஞ்சு பதினஞ்சுன்னே நாலு மாசம் ஓட்டினேன். எங்க கடையிலயும் பத்துக் காசு குறைஞ்சது, ஆள் வர ஆரம்பிச்சது.

அப்புறம்தான் இருபது பெட்டிப் பேச்சு வந்துச்சு. இருபது எடுத்தா பத்துக்குப் பதிலா பன்னண்டு பர்சென்ட். பக்கத்துத் தெருவுல அஞ்சு கடைக்காரங்க சேரணும்னு எங்க கடை முன்னால வந்து நின்னாங்க. பழைய நாலு பேரும் இருந்தாங்க. "பன்னண்டும் அஞ்சும் பதினேழு, அக்கா கணக்கு தப்பாது" ன்னு ஒருத்தர் பெருமையா சொன்னார்.

ஆமான்னு சொல்ல வாய் வந்துருச்சு. இல்லைன்னா இவங்க பிரிஞ்சு போவாங்க, பத்துப் பெட்டி சேராது, கடை பழையபடி படுத்துரும். ஆமான்னாலோ இன்னும் அஞ்சு வீட்டுக் காசை வச்சுப் பொய் சொல்லணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

"பதினேழு வராது. பன்னண்டு போக மிச்சத்துலதான் அஞ்சு. பதினாறு புள்ளி நாலு. நான் முதல்ல சொன்ன பதினஞ்சும் தப்பு, அது பதினாலரை. தெரிஞ்சும் மறைச்சேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

பாய்தான் தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியும்."

"எப்ப?"

"மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள்ல ஹாத்காடி வரிசையா நிக்கும். கிடைக்கலைன்னு சொல்லிக்கிட்டுப் பெட்டியைத் தலையில தூக்கிட்டு வந்தியளே, அன்னைக்கே. கூலிக்காசு பில்லுல போயிருக்கு, சொல்ல ரோஷம் விடலைன்னு நினைச்சேன்."

"அப்போ உங்க வண்டி?"

"செவ்வாய்க்கிழமை வாடகைக்குப் போற வண்டிதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. "தெரிஞ்சுகிட்டே நாலு மாசமா என்னைப் பொய் சொல்ல விட்டீங்களா பாய்?"

"நீங்களா சொல்லுவியளான்னு பார்த்தேன். இன்னைக்குப் பதினேழுன்னு சொல்லியிருந்தா வண்டியும் கிடையாது, என் ரெண்டு பெட்டியும் கிடையாது." புது ஆளுங்க பக்கம் திரும்பி, "என் பேருல நாலு பெட்டி. உங்களுக்கு எத்தனை?" ன்னு கேட்டார். ஒவ்வொருத்தரா சொன்னாங்க. யாரும் போகலை.

நான் சாக்கட்டியை எடுத்துக் கடைப் பலகையில பெரிசா எழுதினேன், பதினாறு புள்ளி நாலுன்னு. திரும்பிப் பார்த்தா, பாய் எங்க கடை வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்கார்.

"கணக்கு குறைஞ்சிருக்கு, வந்து உக்காந்துட்டேன். காப்பி எங்க?"

உள்ள போய் ஸ்டவ்வைப் பத்த வச்சேன்.