போகி நெருப்பில் வெந்த உருளைக்கிழங்கு

என் அம்மாவின் மாடித் தோட்டத்தை அழித்தவர் எங்கள் குடியிருப்பின் செகரட்டரி. தெரியாமல் நடந்துவிட்டது என்றார். பொய்.

முளைவிட்ட உருளைக்கிழங்குக்கு ஈர மண்ணும் பழைய சாக்கும் கலந்த ஒரு வாடை உண்டு. தொண்ணூறுகளில் மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் தீபாவளி கழிந்ததும் அந்த வாடைதான். மற்றவர்கள் முகம் சுளித்துக் குப்பையில் போடுவதை, அம்மா ஒவ்வொரு "கண்ணு"க்கும் கொஞ்சம் சதை விட்டு வெட்டி, அழுகாமலிருக்க வெட்டிய இடத்தில் விபூதி தடவுவாள். "கிழங்குக்கும் பட்டை போட்டாச்சா?" என்று அப்பா கேலி செய்வார். பிறகு அவை மொட்டை மாடியின் ஒரு மூலைக்குப் போகும். ஓட்டை போட்ட சிமெண்ட் கோணிகள், பெயிண்ட் டப்பாக்கள், செங்கல் அடுக்கிக் கட்டிய ஒரு பாத்தி. செடி உயர உயர மண்ணை அணைத்துக்கொண்டே போவாள். மண் சுமந்து சுமந்து அவள் இடுப்பு விட்டுப்போனது.

மாடி ஒழுகுகிறது என்று புகார் வந்தது. கூட்டத்தில் செகரட்டரி, "ஏம்மா, மந்தவெளிய ஊட்டியாக்கப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொங்கலுக்குள் கிழங்கு விளைந்தால் அந்த மூலை அம்மாவுக்கு, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்று முடிவானது.

மார்கழிக் கடைசியில் இலைகள் மஞ்சளாகித் தண்டுகள் சாய்ந்தன. கிழங்கு முற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மாடிப்படியில் செகரட்டரியை நிறுத்தி அம்மாவே சொன்னாள்: "காஞ்சிடுச்சேன்னு நினைக்காதீங்க சார், பொங்கலன்னிக்குத் தோண்டிடுவேன்." அவர் தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போகியன்று காலை நானும் அம்மாவும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வாசலில் டயர் புகைக்கு நடுவே கோணிகள் கவிழ்ந்து கிடந்தன. எலுமிச்சை அளவுக் கிழங்குகளைப் பொறுக்கிப் பிள்ளைகள் ஓலைப்பாய் எரிந்த தணலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "காஞ்சிகீது, எட்தாந்து கொட்டுன்னு சார்தாம்மா சொன்னாரு."

சுற்றி நின்ற குடித்தனக்காரர்கள் ஆளுக்கொன்று தின்றுகொண்டிருந்தார்கள். சார் சூடு தாங்காமல் ஒரு கிழங்கைக் கைக்குக் கை மாற்றி ஊதிக்கொண்டிருந்தார். மீசையில் சாம்பல். "உங்களுதா? குப்பைன்னுல்ல நினைச்சேன். நல்லா மாவா இருக்கு, ஒண்ணு எடுத்துக்குங்க" என்று அம்மாவிடமே நீட்டினார். அம்மா வாங்கவில்லை. மாடிக்குப் போய்ச் சிதறிய செங்கல்லைப் பார்த்துவிட்டு வந்து, பொங்கல் பானையைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

அடுத்த கூட்டத்தில் அதே ஆள், "பொங்கல் போச்சு, வீட்டுக்கு ஒரு கிழங்கு வந்துதா?" என்று கேட்டார். தின்றவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மூலை போயிற்று.

பிறகு நாங்கள் கே.கே. நகருக்குப் போய்விட்டோம். அம்மா எதையும் நடவில்லை. முளைவிட்டதை அவளும் இப்போது குப்பையில்தான் போடுகிறாள். மந்தைவெளி மாடியில் இன்று தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ் ஆன்டெனாக்களும் நிற்கின்றன. இந்தப் பொங்கலுக்கு அங்கே நடந்த விழாவுக்குப் பழைய குடித்தனக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மாடியில் காய்கறி போடும் பழக்கமே தன் காலத்தில் வந்தது என்று செகரட்டரி மைக்கில் பேசினார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "விடுடி, வா போலாம்" என்றாள்.

அலுத்துவிட்டது, ஆனாலும் விட முடியவில்லை. செகரட்டரி சார், அடுத்த கூட்டத்தில் அதே மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: அன்று நீங்கள் ஊதி ஊதித் தின்றது யார் விளைவித்தது?