புகையை அளக்க வந்த செல்வநாயகி மேடம்

செல்வநாயகி மேடம் இறந்த செய்தி வந்தபோது, அருப்புக்கோட்டை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் நான் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று அல்ல. கரண்ட் போயிருந்த நேரத்தில், சார்ஜ் ஒயரைக் கழற்ற மறந்து என் மின்சார ஆட்டோவைக் கிளப்பி, பிளக்கோடு பிய்த்துக்கொண்டு தெருவெல்லாம் இழுத்தபடி வந்து சேர்ந்திருந்தேன்.

“ஏலே, ஒன் வண்டிக்கு வாலு மொளச்சிருக்குலே!” என்று முனியாண்டி கத்தினான். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவனுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: “மேடம் போயிட்டாகளாம்லே. நெஞ்சு வலியாம்.” நான் ஒயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அதை எங்கே வைப்பது என்று தோன்றவில்லை.

நம் ஸ்டாண்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மேடம் திருச்சுழிப் பக்கத்துப் பெண். மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். வண்டிப் புகையை அளப்பதும் அதைக் குறைக்க வழி தேடுவதும் அவர் வேலை. முதல் தடவை வந்தபோது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, “யார் வண்டியிலயாவது மாட்டிக்கலாமா?” என்று கேட்டார். அபராதம் போட வந்தவர் என்று பயந்து ஆளாளுக்கு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்கள். நான் மட்டும் டீயைக் குடித்து முடிக்கவில்லை. அப்படித்தான் அறிவியலுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது. பத்தாம் வகுப்பில் அதற்கும் எனக்கும் ஒத்துப்போகவே இல்லை.

என் பழைய டீசல் ஆட்டோவில், ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டினார். அதன் முன்பக்கம் ஒரு சின்னத் துளை. அது காற்றை உறிஞ்சி, எவ்வளவு புகை இருக்கிறது என்று பதிந்துகொள்ளும். ஆயுத பூஜை வந்தது. என் வீட்டுக்காரி வண்டியைக் கழுவி, ஸ்டீயரிங், ஹெட்லைட், பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாளிலிருந்து என் வண்டியில் புகையே இல்லை என்று பெட்டி சொன்னது. “நம்ம வண்டி பூஜையிலேயே சுத்தமாயிருச்சு” என்று நான் ஸ்டாண்டில் பெருமை அடித்தேன்.

மேடம் வந்து பெட்டியைப் பார்த்தார். தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துத் துளையைக் குடைந்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. “அண்ணே, பொட்டு வச்சது சரிதான். மூக்குக்குள்ள வச்சா அது எப்படி மூச்சு விடும்?” என்று சிரித்தவர், என் மனைவியை அழைத்துப் பெட்டியின் மேல்பக்கத்தைக் காட்டினார். “மதினி, இதுதான் நெத்தி. அடுத்த வருசம் இங்க வைங்க.” பூஜை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் என் மகள் காவியா தினமும் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. ஊரில் பறக்கும் பஞ்சுத் தூசியால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பெட்டி பதிந்த புகை அளவை மேடம் லேப்டாப்பில் ஒரு கோடாகக் காட்டினார். ஆள் ஏற்ற இன்ஜினை அணைக்காமல் நிற்கும்போதெல்லாம் அது மேலே ஏறியிருந்தது.

“தூசியும் இருக்கலாம்ணே. ஆனா இது ஒங்க வண்டிப் புகை. பின்னாடி போகாம உள்ளேயே சுத்துது. நான் ஊசி போடுற டாக்டர் இல்ல, பாப்பாவ அவுககிட்ட கண்டிப்பா காட்டுங்க. புகையக் குறைக்கிறத நான் பாக்குறேன்.”

அடுத்து, சோதனைக்காக ஒரு மின்சார ஆட்டோவைக் கொண்டுவந்தார். இந்த வெயிலுக்கும் சுமைக்கும் அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் டீசலுக்கே திரும்ப வேண்டியதுதான். அந்த வண்டியில் முதல் நாள் காவியாவை ஏற்றியபோதுதான் எனக்குத் திக்கென்றது. இன்ஜின் சத்தம் இல்லாததால், அவள் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுப்பது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. இத்தனை நாளும் என் வண்டிச் சத்தம் அதை மறைத்திருந்தது.

இந்த வண்டி தோற்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆளைக் குறைத்து, மூட்டை ஏற்றாமல், மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். மேடம் கண்டுபிடித்துவிட்டார்.

“நல்லா ஓட்டாதீங்கண்ணே. எப்பவும் போல ஓட்டுங்க. எனக்காக ஓட்டுனா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

எப்பவும் போல ஓட்டினேன். எம்.ரெட்டியபட்டிக்கு முன்னால், உச்சி வெயிலில், பருத்தி மூட்டைகளோடும் கூலிக்குப் போன பெண்களோடும் பேட்டரி சூடேறி வண்டி நின்றது. “ஏம்ப்பா, சத்தமில்லாம வந்துச்சு, சத்தமில்லாமலே படுத்துருச்சே!” என்று ஓர் அக்கா இறங்கி நடந்தார். எனக்கு அழுகை வராத குறை. போனில் சொன்னால் மேடம், “அப்படியா! எந்த எடத்துல? எத்தனை பேரு இருந்தீக?” என்று சந்தோஷமாகக் கேட்கிறார். “இங்கயே நின்னது நல்லதுண்ணே. எதைச் சரிபண்ணணும்னு இப்பத்தான் தெரியுது.”

பேட்டரிக்குக் காற்று போக வழிசெய்து, தூசி புகாமல் வலை போட்டு, வண்டி செய்பவர்களோடு மல்லுக்கட்டி, அடுத்த கோடையில் திரும்பக் கொண்டுவந்தார். அதே ரோடு, அதே மூட்டைகள். வண்டி நிற்கவில்லை. இன்று நம் ஸ்டாண்டில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வண்டிதான் வைத்திருக்கிறோம். முதலில் ஓடிப்போன முனியாண்டியும் அதில் சேர்த்தி.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலும் எப்பவும் போல ஓட்டுவது. வண்டி நின்றால் நின்றது என்று சொல்வது.

கடைசியாக வந்தபோது, “பாப்பா எப்படிண்ணே இருக்கா?” என்று கேட்டார். “அவளுக்கென்ன மேடம், வாய்தான் நீளுது” என்று சொல்லிவிட்டு ஆள் ஏற்றப் போய்விட்டேன். சொல்ல நினைத்தது வேறு. இவ்வளவு சத்தமில்லாத வண்டியில், பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறாள், மேடம். அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு இப்போது கேட்பதே இல்லை.