சத்தம் போடாத மோட்டார்

வேலையிடத்திலிருந்து புது ஹெட்செட் அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் நாய் குரைத்தாலும் மழை கொட்டினாலும் எதிர்முனைக்குக் கேட்காதாம். பெட்டியைத் திறந்ததும் வந்த ரப்பர் வாடையில் எனக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிள் டயர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கே தொடங்கி எங்கே போகிறது பாருங்கள்.

அப்போது கம்ப்யூட்டர் நெட்வொர்க் படித்துவிட்டு தம்போயில் இதே வீட்டில் சும்மா இருந்தேன். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. ஒரு சுற்று முடிந்தால் இன்னொன்று, எல்லாம் வீடியோவில். மேலே கோட்டு, கீழே கைலி என்று உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் புது முகத்திடம் முதலிலிருந்து என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி என் கதை எனக்கே அலுத்துப்போனது.

எங்கள் தாமானில் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் சுவர் பேருக்குத்தான். இண்டர்வியூ என்றால் அம்மா சாமி மணியைத் துணியில் சுற்றிவிடுவார். குக்கர் அடுப்பேறாது. அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போகும் கிழட்டு மோட்டாரை உதைத்தால் தெருவே எழுந்துவிடும். அதனால் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்புவார். முட்டிவலிக்காரர் வேறு.

கடைசிச் சுற்று முடிந்து வாரக்கணக்கில் பதிலே இல்லை. வேலை முடிந்து வரும் அப்பா செருப்பைக் கழற்றுமுன் கேட்பார். "பாப்பா, கூப்ட்டாங்களா?"

பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்களாம். நான் எதற்கும் லாயக்கில்லை என்று பாயில் குப்புற விழுந்து அழுதேன்.

அப்பா கதவோரம் நின்றார். "கடைசி இண்டர்வியூ அன்னிக்கு மழைன்னு கொஞ்சம் கிட்டயே ஸ்டார்ட் பண்ணிட்டேன். அவங்களுக்குக் கேட்டிருக்கும் லா."

"ஐயோ, அதில்லப்பா. யாரையுமே எடுக்கலையாம்."

தலையாட்டினார். நம்பவில்லை. அதற்குப் பிறகு இண்டர்வியூ இல்லாத நாளிலும் தள்ளிக்கொண்டே போனார். "இங்கயே ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்று கெஞ்சியும் கேட்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது அந்த மின்னஞ்சலைவிடக் கொடுமையாக இருந்தது.

இந்த வேலை கிடைத்தபோது அப்பா இல்லை. மோட்டாரைப் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா பத்து பாகாட் ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். சாமி மணியும் அவரோடு போய்விட்டது.

இன்று காலை ஹெட்செட்டை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். மறைப்பதற்கு இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.