ஈஸ்டருக்குக் கறி எடுக்காத வருடம்

ஈஸ்டர் ஞாயிறு, காலை ஐந்து நாற்பது. எழுந்ததும் நான் முதலில் பார்த்தது அம்மியை. அது காய்ந்து கிடந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவசுகாலம் முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. காரைக்குடியில் எங்கள் தெருவில் இருந்த கத்தோலிக்க வீடுகள் எதிலும் கிடையாது. அதனாலேயே ஈஸ்டர் விடியலில் எல்லா வீட்டிலும் மசாலா அரைபடும். அந்தச் சத்தத்தில்தான் வருடா வருடம் நான் கண் விழிப்பேன். அந்த வருடம் சத்தம் அடுத்த வீட்டிலிருந்து வந்தது. எங்கள் அடுப்படியில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

கறி எடுக்கவில்லையா என்று கேட்டேன். இந்த வீட்டில் தவசு இன்னும் முடியவில்லை என்றாள். அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவள் ஒன்றை ஒருமுறை சொன்னால் மறுமுறை கேட்பதற்கில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. சேசு உயிர்த்த பிறகும் தவசு எப்படி முடியாமல் இருக்கும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்ததை வைத்து யோசித்தேன்.

காரணம் அப்பாவின் பீடி. அவர் டவுன் பஸ் டிரைவர். காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் இடையே நாள் முழுக்க ஓட்டுவார். வண்டி கடைசி ஸ்டாப்பில் திரும்பும்போதெல்லாம் ஒரு பீடி. டீக்குப் பின் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இடையில் காரணமில்லாமல் சில. ஆனால் தவசு தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று காலை பீடிக்கட்டைத் தூக்கி மாடத்தில் வைத்துவிட்டால் ஈஸ்டர் வரை தொடமாட்டார். இது அவருடைய ஒருசந்தி. ஊரில் சிலர் சாராயத்தை விடுவார்கள், சிலர் சினிமாவை. அப்பா பீடியை விடுவார். அந்த வாரங்களில் எரிந்து விழுவார், தூங்கமாட்டார், ஆனாலும் வாக்கு தவறமாட்டார். ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டியதும் முதல் பீடி பற்றும்.

ஆகவே பீடியை விடுவது அப்பாவுக்குக் கைவந்த வேலை. அந்த வருடம் தவசு தொடங்குவதற்கு முன்பு மதுரையில் ஒரு டாக்டர் அவருடைய வலது காலைப் பார்த்துவிட்டு, புகையால் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிட்டன, இன்றே நிறுத்தினால் கால் தப்பும், இல்லாவிட்டால் விரலில் தொடங்கி மேலே மேலே வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். அப்பா பதறவில்லை. வருசா வருசம் விடுறதுதானே என்று டாக்டரிடமே சொன்னாராம். டாக்டர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். அம்மா எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஈஸ்டர் காலை தெரியும்.

கால் விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. டிப்போவுக்குத் தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள். சுண்டுவிரல் கருத்திருந்தது, அதற்கு அடுத்த விரல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அப்பா சாக்ஸ் போட ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.

பூசை முடிந்து திரும்பினோம். கோயில் வாசலில் அப்பாவின் நடை கொஞ்சம் தடுமாறியது. அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்து, தெருவைக் கடக்க உதவுகிறவள் போல நடத்திக்கொண்டு வந்தாள். தெரு முழுக்கப் பட்டையும் சோம்பும் கல்பாசியும் மணத்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்த மணம் நின்றது. நான் அழுதேன். யாரும் கவனிக்கவில்லை.

எட்டரை மணிக்குக் கண்டக்டர் சித்தப்பா வந்தார். அப்பாவின் வண்டியில் கண்டக்டர். அப்பாவை அண்ணே என்பார் என்பதால் எனக்குச் சித்தப்பா. மற்றபடி உறவு இல்லை, எங்கள் மதமும் இல்லை. தனியாள். வருடம் தவறாமல் ஈஸ்டருக்கு எங்கள் வீட்டில்தான் காலைச் சாப்பாடு. வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார். பழத்தின் மேல், சீர்த்தட்டில் வைக்கிற மாதிரி, புதுப் பீடிக்கட்டு ஒன்றும் தீப்பெட்டி ஒன்றும் இருக்கும். விரதம் இருந்தவருக்கு விரதம் முடிக்கக் கொண்டுவருவது மரியாதை என்பது அவர் கணக்கு. அதில் தப்பு இருப்பதாக அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அந்த வருடமும் கொண்டுவந்தார். அப்பாவின் முன்னால் பாயில் வைத்தார். வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டினார்.

“என்ன மதினி, கறி வாசத்தையே காணோம்?”

அம்மா இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தேங்காய்ச் சட்னி, மிளகாய்ப் பொடி. இந்த வீட்டுல தவசு இன்னும் முடியல தம்பி என்றாள், என்னிடம் சொன்ன அதே குரலில்.

“தெருவே மணக்குதே. கோயிலுக்குப் போனவுக எல்லாம் சிரிச்சுக்கிட்டு வாராக.”

“அவுகளுக்கு முடிஞ்சிருச்சு.”

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா பீடிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை பாயின் மேல் ஊர்ந்து போய்க் கட்டின் மேல் நின்றது. எடுத்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். அம்மா அசையவில்லை, பிடுங்கவும் இல்லை. பிடுங்குவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கட்டு அவர் கையில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதைச் சித்தப்பாவின் சட்டைப் பையில் திணித்து, எடுத்துட்டுப் போயிரு என்றார்.

சித்தப்பா சிரித்தார். கறியும் இல்லை, பீடியும் வேண்டாம், தன்மேல் ஏதும் கோபமா என்று கேட்டார். யாரும் சிரிக்காததால் வேறு ஏதாவது கேலிக்குத் தேடினார். கண்ணில் சாக்ஸ் பட்டது.

“வீட்டுக்குள்ள எதுக்குண்ணே சாக்ஸு, புது மாப்பிள்ளை கணக்கா?”

அப்பா சாக்ஸைக் கழற்றினார்.

சித்தப்பா இட்லியைக் கையில் வைத்தபடியே பார்த்தார். டாக்டர் சொன்னதை அம்மா சொன்னாள், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். அவர் கேட்டு முடித்துவிட்டு அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டார்.

“பிரேக்கு மிதிக்கையில கால் தெரியுதாண்ணே?”

“தெரியுது. வலிக்குதுல்ல.”

“நாளைக்கும் தெரியுமா?”

அப்பா கருத்த விரலைப் பார்த்தார். சித்தப்பா கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். “வண்டி நெறைய சனம் நிக்கிறாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஃபுட்போர்டுல தொங்குதுக. டிப்போல நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?”

அவரை வெளியே போகச் சொல்லிவிடுவார் அப்பா என்று நினைத்தேன். அப்பா சாக்ஸை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, நானே சொல்றேன் என்றார். அம்மா இன்னும் இரண்டு இட்லி கொண்டுவந்து சித்தப்பா தட்டில் போட்டாள். காட்டிக்கொடுக்கப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவருக்கு எதற்கு இட்லி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பாவும் சித்தப்பாவும் வேலைத் திட்டம் போடுகிறவர்களைப் போலப் பேசினார்கள். ஸ்டியரிங்கிலிருந்து இறக்கினால் டிப்போவில் ஏதாவது வேலை தருவார்கள். டிப்போ என்பது நாலு பேர் கூடிப் பீடி குடிக்கும் இடம். சித்தப்பா அதற்கும் வழி சொன்னார்: டீசல் பம்பு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே தீக்குச்சி உரசினால் டிப்போவே எரியும். பீடி கேட்கிறவனும் இல்லை, கொடுக்கிறவனும் இல்லை. அப்பா மறுநாள் போய்க் காலைக் காட்டினார். அன்றே வண்டியை இன்னொருவரிடம் கொடுத்தார்கள். டீசல் பம்பு கிடைத்தது.

பகல் அப்படிப் போயிற்று. சாயங்காலம்தான் கஷ்டம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் கையை மடித்து உட்கார்ந்திருந்தார். அம்மா டீயை நிறுத்திச் சுக்குமல்லிக் காப்பிக்கு மாற்றினாள், டீ உள்ளே போனால் கை தானாகச் சட்டைப் பையைத் தேடுகிறது என்று. சாப்பிட்ட கையோடு அவர் தட்டை அவரே கழுவ வேண்டும் என்றாள்; பிறகு எல்லார் தட்டையும். பீடி பிடித்த நேரம் அதில் போய்விடும். அடிகுழாயடியில் அப்பா குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பதை எதிர் வீட்டுக்காரர்கள் சாவகாசமாக நின்று பார்த்தார்கள். அப்பா அவர்களுக்கு வணக்கம் சொன்னார்.

சித்தப்பா கொடுத்த வழி வேறு. வேலை முடிந்து எட்டிப் பார்க்க வந்த ஒரு நாள், அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

“ஏறிருச்சா?”

“ஏறிருச்சு.”

“டிக்கெட்டு எடுக்காத ஆளுண்ணே அது. ரெண்டு ஸ்டாப்பு பொறுங்க, தானா எறங்கிரும்.”

அதிலிருந்து அது வீட்டில் முறையாயிற்று. பீடி ஆசை வந்தால் அப்பா என்னைக் கூப்பிடுவார். நான் ஒரு தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டு ஸ்டாப் பெயர் சொல்ல வேண்டும். ரயில்வே கேட் என்பேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, கியர் மாற்றி, மேட்டில் ஏறி, எதிரே வரும் மாட்டுவண்டிக்கு ஒதுங்கி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அடுத்த ஸ்டாப்புக்கு ஓட்டுவார். பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் இறங்கிவிடும். சில நாள் கோட்டையூர் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அப்பாவின் உள்ளங்கை ஈரமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். செம்புத் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு முறை தவறினார். ஒரு கல்யாண வீட்டில் பழைய டிரைவர் ஒருவர் நீட்டியதை வாங்கிப் பாதி குடித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவிடம் சொன்னார். அம்மா திட்டவில்லை. எந்த இடத்தில், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, பக்கத்தில் யார் என்று மட்டும் கேட்டாள். அதன்பின் கல்யாண வீடுகளில் அப்பா முதல் பந்தியில் உட்கார்ந்து, மொய் எழுதுகிற இடத்தில் கூட நிற்காமல் திரும்பிவிடுவார். பாதி பீடியைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. மறுநாள் வழக்கம்போல டீசல் பம்பு, சுக்குமல்லிக் காப்பி, பாத்திரம்.

அவ்வளவு காலமும் எங்கள் வீட்டில் கறி இல்லை. ஈஸ்டர் காலத்தில் தவசு இருப்பது முறையல்ல என்று ஞானோபதேசம் எடுத்த சிஸ்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். அம்மா சரி சிஸ்டர் என்றாள். அந்த ஞாயிறும் கத்திரிக்காய்தான். நான் இதை ஒரு பேரமாகப் புரிந்துகொண்டேன். நாங்கள் கறியை விட வேண்டும், கடவுள் அப்பாவின் விரலை விட்டுவைக்க வேண்டும். பேரம் நியாயமானதாகவே பட்டது. வாயில் எச்சில் ஊறும்போதெல்லாம் அப்பாவின் சுண்டுவிரலை நினைத்துக்கொள்வேன். ஆசைப்படுகிறவர் வீட்டில் அப்பா ஒருவர் மட்டுமாக இருக்கக் கூடாது என்று அம்மா நினைத்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்டில் மதுரையில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அடுத்த விரலில் நிறம் திரும்பிவிட்டது, மேலே வெட்ட வேண்டியதில்லை, ரத்த ஓட்டம் சீராகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அப்பா கட்டுப்போட்ட காலோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுத்தாள். அம்மியில் மிளகாய் அரைபட்டது. கண்டக்டர் சித்தப்பா வந்தார். சோற்றைத் திரும்பத் திரும்ப வாங்கினார். அவரும் அப்பாவும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறும்போது முகத்தைத் திருப்பி முந்தானையால் துடைத்தாள். மிளகாய்க் காரம் என்று நினைத்தேன்.

எனக்கு அவர்கள் மூவர் மேலும் கோபம். விரல் போய்விட்டது, பேரம் தோற்றுவிட்டது, இத்தனை மாதம் நான் கத்திரிக்காய் தின்றது வீண். ஒரு விரலை வெட்டிக்கொண்டு வந்த வீட்டில் எதற்காக விருந்து வைக்கிறார்கள் என்று கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். என் பங்குக் கறியைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு சித்திரையில், கால் தேறிவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுக்க, அப்பா மறுபடி கோட்டையூர் வண்டியை எடுத்தார்.