ஹனோவரில் நெருப்புக்காய்ச்சல்

ஜேர்மனியில் ஹனோவர் அகதி விடுதிக்கு அப்பாவும் நானும் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா கைக்குழந்தையான தம்பியோடு யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். வந்த கிழமையே எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா இரண்டு கம்பளிகளால் போர்த்திவிட்டார். மூன்றாம் கிழமை வயிறு பலகைபோல இறுகிவிட்டது, தொட்டாலே அலறினேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் குடல்வால் என்றுதான் நினைத்தார்கள். வெட்டிப் பார்த்தால் சிறுகுடலில் ஓட்டை. விடுதியில் இருந்த, டொச் மொழி தெரிந்த தமிழர் ஒருவர் என் கட்டிலருகே நின்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தினார்.

“நெருப்புக்காய்ச்சலாம் அண்ணை, டைபொயிட். அதுதான் குடலை ஓட்டையாக்கிப் போட்டுதாம். இஞ்சை இப்பிடி ஒரு பிள்ளையை அவையள் கண்டதே இல்லையாம்.”

டொக்டர்மாரே காணாத வருத்தம் எனக்கு வந்திருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தொற்றிவிடும் என்று என்னைத் தனி அறையில் விட்டார்கள். காலையில் ஒரு தாதி வந்து என் தலைமுடியைக் கழுவி வாரிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு அதை அம்மாவின் கை என்று நினைப்பேன். அவர் டொச்சில் ஏதாவது சொன்னதும் எல்லாம் கலைந்துபோகும்.

ஐந்தாம் நாள் மறுபடி வலி. குடலில் இன்னொரு ஓட்டை. திரும்பவும் வெட்டவேண்டும் என்றார்கள். அன்று மத்தியானம் அப்பா எங்கோ ஓடிப்போய், இரவல் வாங்கிய ரேப் ரெக்கோடரோடு வந்தார்.

“அம்மாவுக்கு ஏதும் சொல்லு பிள்ளை.”

“நீங்கள் வராட்டி நான் உங்களோடை கதைக்கமாட்டன்” என்று அதற்குள் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இன்னும் கொஞ்சம் கதை, என்ரை ராசாத்தியெல்லே.”

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா ரேப்பை நிறுத்தவுமில்லை. என் மூச்சுச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கசெற் கடைசிவரை ஓடியது. இதை ஏன் வீணாக்குகிறார் என்று நினைத்தேன்.

பிழைத்துக்கொண்டேன். நடக்கத்தான் இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்த கோடையில் அம்மா வந்தார். விமான நிலையத்தில் தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். கட்டிப்பிடித்துக் கொஞ்சப்போகிறார் என்று நான் கையை விரித்தேன். அம்மாவோ முழங்காலில் நின்று, அத்தனை சனத்துக்கு நடுவில் என் சட்டையை உயர்த்தி, தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவேயில்லை.

“விடுங்கோ அம்மா, ஆக்கள் பாக்கினம்.”

சட்டையை இழுத்துவிட்டேன். அம்மா என்னைப் பார்க்க வரவில்லை, காயத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, தம்பியைத் தூக்கப் போய்விட்டேன்.