சிம் மாத்தினவன்

பாலையூற்றில் ஒருவன் வெளிநாடு போய்க் குடும்பத்தைக் கைவிட்டுவிட்டால் அதை யாரும் அப்படியே சொல்வதில்லை. "அவன் சிம் மாத்திட்டான்" என்பார்கள். அதற்கு மேல் கேள்வி கிடையாது. பெண்கள் ஒருமுறை உச்சுக்கொட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். நானும் சிலரைப் பற்றி அப்படிச் சொல்லிச் சிரித்தவன்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்தவன் நான். துறைமுகத்தில் படகுகளின் துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தேன். புல்மோட்டையில் மணல் ஏற்றினேன். சீனன்குடாவில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் புல் வெட்டினேன். ஓரிடத்தில் கால் தரிக்காது. கடைசியில் சார்ஜாவுக்குப் போனேன். அங்கேயும் படகுதான். அதே துரு, அதே பெயின்ற், வெயில் மட்டும் கூடுதல்.

ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே புது சிம் வாங்கினேன். அந்த நாட்டில் சிம் என்பது அடையாள அட்டையோடு கட்டப்பட்ட சாமான். ஆள் செல்லுபடியாகும் வரைக்கும்தான் சிம்மும் செல்லுபடியாகும்.

மனைவி தன் சீதன வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுக்குள் சிக்னல் வராது. கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் கொஞ்சம் வரும். வீடியோவில் அவள் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். "கேக்குதோ, கேக்குதோ" என்பதிலேயே எங்கள் பேச்சு முடிந்துவிடும். ஒருநாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேறொரு கம்பெனிக்காரர் குடை விரித்து சிம் கொடுத்திருக்கிறார்கள். அவளும் ஒன்று வாங்கிவிட்டாள். நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம், அந்த வசதி வருகிறது என்று வருஷக்கணக்காகக் கதை இருந்தது. அவள் மாறியபோது அது கதையாகவே இருந்தது.

புது நம்பரை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் அதை அவள் பெயரில் பதிந்துவிட்டேன். அதன் பிறகு பெயரைத்தான் தொட்டேன். நம்பரைப் பார்க்கவே இல்லை. பழைய சிம்மை அவள் ரீலோட் பண்ணாமல் விட, அது செத்துப்போனது.

அந்தப் பழைய நம்பர் மட்டும் என் விரலில் இருந்தது. கலியாணத்துக்கு முன்பு பட்டன் போனில் பழகியது. ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் 'உன்னை நினைத்தேன்' என்று அர்த்தம். காசில்லாத காலத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை காசில்லாமலே நினைத்துக்கொண்டோம்.

சார்ஜாவில் என் முதலாளி கம்பெனியை மூடிவிட்டுப் போனான். விசா முடிந்தது, அட்டை முடிந்தது, ஒரு காலை சிம்மும் நின்றது. யாருடைய வைஃபையிலாவது வீட்டுக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் தெருவில் பிடிபட்டேன். போனை வாங்கி ஒரு பையில் போட்டுப் பூட்டினார்கள்.

உள்ளே சுவரில் ஒரு போன் இருந்தது. ஆளுக்கு ஒரு கோல். வரிசையில் என் முன்னால் நின்ற ஆட்களில் பாதிப்பேர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். யாருக்கும் எந்த நம்பரும் பாடமில்லை. ஒருவன் எண்களைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தான். என் முறை வந்தது. விரல் தானாகப் போனது. மணி அடித்தபோது, செத்த சிம்முக்கு உயிர் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான்தான். என்னைப் பிடிச்சிட்டாங்கள். பயப்பிடாத" என்றேன்.

ஓர் ஆண் குரல். "நீங்க ஆரு?"

"நீங்க ஆர்? என்ர மனிசியிட்டக் குடுங்கோ."

"உங்கட மனிசிக்கு என்ட போனில என்ன வேல?"

அவர் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். "ராங் நம்பர், வைங்க" என்றார். பின்னால் நின்றவன் என் தோளைத் தட்டினான்.

மாதங்கள் கழித்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். திருப்பித் தந்த போன் எழும்பவே இல்லை. கட்டுநாயக்காவிலிருந்து பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் பாலையூற்றில் இறங்கினேன். மனைவி குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"சிம் மாத்தினவர் வந்திருக்கிறார்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்து, கிணற்றடிக்குக்கூடப் போகாமல், தன் பழைய நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். அதே குரல்.

"அண்ணன், உங்களுக்கு வெளிநாட்டில இருந்து ராங் நம்பர் ஏதும் வந்ததோ?"

"வந்தது தங்கச்சி. மனிசியத் தா எண்டு ஒராள் கேட்டாரு. லொத்தர் விழுந்திருக்கு எண்டு ஏமாத்துற கூட்டம் எண்டு நினைச்சுக் கட் பண்ணிட்டன். ஏன், ஆரு அவரு?"

"என்ர மனிசன். நாங்கள் பாலையூற்று."

"நான் கிண்ணியாதான் தங்கச்சி" என்றார். "அவரு இடத்தச் சொல்லியிருந்தா பாலத்தால வந்து சொல்லிட்டுப் போயிருப்பனே."

சார்ஜாவில் இருந்து அழைத்த கோல் பக்கத்திலிருக்கும் கிண்ணியா வரை வந்து, பாலம் தாண்டாமல் நின்றிருக்கிறது.

"இப்ப நம்புறியோ?" என்று கேட்டேன்.

"நம்புறன்" என்றாள். பிறகு, "என்ர நம்பரைச் சொல்லுங்கோ பாப்பம்."

"இப்பதானே அழுத்தினனீ."

"அது கிண்ணியாக்காரற்ற நம்பர். என்ர நம்பர்."

அந்தக் கம்பெனி நம்பர்கள் தொடங்கும் முதல் மூன்று எண்களைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை.

"அது ஊரில எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

அவள் ஏற்கெனவே ஏஜென்சிக்குப் பாஸ்போட் கொடுத்திருந்தாள். குவைத்தில் வீட்டு வேலை, மெடிக்கலும் முடிந்திருந்தது. நான் வராததால் எடுத்த முடிவு. வந்துவிட்டேன் என்பதற்காக அதை மாற்றுவதாக இல்லை. போகவேண்டாம், அங்கே இருக்க ஏலாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்களுக்கு ஏலும், எனக்கு ஏலாதோ?"

பஸ்ஸில் ஏற முன்பு தன் போனில் இருந்து சிம்மைக் கழற்றி என் கையில் வைத்தாள். "அங்க போய்ப் புதுசு போடுவன். வட்ஸ்அப் இந்த நம்பரிலதான் ஓடும். கோட் ஏதும் வந்தா உடன சொல்லோணும். ரீலோட் பண்ணுங்கோ. இதையும் சாக விட்டுடாதேங்கோ."

அதை ஒரு பட்டன் போனில் போட்டுக் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தவறாமல் ரீலோட் பண்ணுகிறேன். அவள் வேலை செய்யும் வீட்டில் வைஃபை தரும்போது வட்ஸ்அப்பில் வருவாள். "சாப்பிட்டீங்களோ, வீடு கூட்டினீங்களோ" என்பாள். மேலே ஒன்றும் கேட்கமாட்டாள். நம்பர் இப்போது எனக்குத் தண்ணீர்பட்டபாடு. தலைகீழாகவும் சொல்வேன்.

போன கிழமை துறைமுகத்தில் ஒரு படகின் அடியில் துரு சுரண்டிக்கொண்டிருந்தேன். வட்ஸ்அப் உள்ள என் மற்றப் போனில் டேட்டா முடிந்திருந்தது. யோசிக்காமல் அவள் நம்பரை அழுத்தினேன். என் காற்சட்டைப் பையில் மணி அடித்தது.

பக்கத்தில் சுரண்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "எடுங்கோவன் அண்ணை, மனிசியாயிருக்கும்."

"நான்தான் கோல் எடுத்தது" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. ஒரு ரிங்கோடு கட் பண்ணினேன்.